படுத்துப் பார்க்கப்பட்டது

வெல்டர், பெஞ்சின் நடுவில் சாக்பீஸால் கோடு போட்டதும், அதில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து ஒதுங்கிக்கொண்டாள்.

அவன் அதை எதிர்பார்க்கவில்லை.

இந்தப் பூங்காவில் இதுவரை ஆறு பெஞ்சுக்குக் கம்பி வைத்தாயிற்று. ஆறிலும் வசவுதான். ஒருவர் அவன் பரம்பரையையே இழுத்தார். இன்னொருவர் செருப்பைக் கழற்றினார்.

இவளோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்கிறாள்.

பொது இடத்தில் படுத்துத் தூங்கக் கூடாது என்று நகராட்சி முடிவெடுத்து ஒரு மாதம் ஆகிறது. முதலில் போர்டு வைத்தார்கள். போர்டுக்குக் கீழேயே ஆட்கள் படுத்தார்கள். அதனால் இப்போது ஒவ்வொரு பெஞ்சுக்கும் நடுவில், குறுக்கே, வளைந்த ஓர் இரும்புக் குழாய். உட்காருகிறவருக்குக் கைப்பிடி. படுக்க வருகிறவருக்கு முட்டுக்கட்டை.

அக்காவுக்கு இரண்டு வருஷமாக இந்தப் பெஞ்சுதான் படுக்கை. தலைக்கு மேல் விளக்குக் கம்பம். எதிரே விடிய விடியத் திறந்திருக்கும் மருந்துக் கடை. இதை விட்டால் பாலத்தடிதான் கதி. பாலத்தடியில் எந்தப் பெண்ணும் இரண்டாவது ராத்திரி தங்கியதில்லை. பூங்காக் காவலாளி சொல்லி இதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

அப்படியிருக்க, ஏன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை? அது அவன் மண்டையைக் குடைந்தது.

திட்டாதது மட்டுமல்ல, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி. குழாய் கனமானதா? பற்றவைத்த இடம் விட்டுப்போகுமா? ஆள் பிடித்து ஆட்டினால் தாங்குமா?

"யானை ஆட்டினாலும் அசையாதுக்கா."

"யானை எங்க வருது. ஆளுங்கதான் வருவாங்க."

வேலையைப் பற்றி அவனிடம் யாரும் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. வீட்டில் மனைவிகூட, 'பொறி பட்டுச் சட்டை ஓட்டையாச்சா?' என்பதோடு சரி. அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"எவ்வளவு உயரம் வைப்பீங்க?"

"பிளான்ல 'நடுவில்'னு மட்டும்தான் போட்டிருக்கு. உயரம் நம்ம இஷ்டம். ஒரு சாண் வைக்கிறேன்."

"இன்னும் நாலு விரல் ஏத்தினா, முட்டி வலிக்காரங்க புடிச்சுக்கிட்டு எந்திரிக்க வசதியா இருக்குமே."

நியாயமாகப் பட்டது. குழாயின் கால்களை நாலு விரல் கூட்டியே வெட்டினான்.

பத்து மணிக்கு நகராட்சி இன்ஸ்பெக்டர் அம்மா ஸ்கூட்டரில் வந்தார். கையில் படிவம். அதில் ஒரு கட்டம்: 'ஆள் படுத்துப் பார்க்கப்பட்டது. படுக்க இயலவில்லை.' டிக் போட வேண்டும். வழக்கமாகக் காவலாளிதான் படுத்துக் காட்டுவான். இன்றைக்கு அவன் லீவு.

இன்ஸ்பெக்டர் வெல்டரின் வயிற்றைப் பார்த்தார். "உங்களை வெச்சுப் பாத்தா கட்டில்லயே படுக்க முடியாதுன்னுதான் வரும்."

பிறகு அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க கொஞ்சம் படுத்துக் காட்டுங்க."

வெல்டருக்கு முகம் சுண்டியது. அவளிடமே போய் இதைக் கேட்க வேண்டுமா? படுக்க முடிந்துவிட்டால் பெஞ்சையே பெயர்த்து எடுத்துவிடச் சொல்லி உத்தரவு. அதையும் இன்ஸ்பெக்டர் அவள் காதுபடவே சொன்னார்.

அக்கா பையைத் தரையில் வைத்தாள். ஒரு பாதியில் சுருண்டாள். கால் வெளியே தொங்கியது. மறு பாதிக்கு மாறினாள்; தலை தொங்கியது. கம்பிக்கு மேலே முதுகைப் போட்டுப் பார்த்தாள். "ஐயோ" என்று சரிந்து புல்லில் உட்கார்ந்தாள்.

"இடுப்பு ஒடியுது மேடம். நாய்கூடப் படுக்காது."

இன்ஸ்பெக்டர் டிக் போட்டார். ஸ்கூட்டர் கிளம்பியது.

அது முனையில் திரும்பும் வரை அக்கா இடுப்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் எழுந்தாள். பெஞ்சின் ஒரு கோடியில் பையை வைத்தாள். பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் கம்பிக்கு அடியில் நீட்டினாள். உடம்பை மெல்ல உள்ளே நழுவவிட்டாள். முழங்கால் போனது. தொடை போனது. கம்பி வயிற்றுக்கு மேல் வந்ததும் நின்று, பையில் தலையைச் சாய்த்தாள்.

முழு நீளத்துக்குப் படுத்துவிட்டாள். குழாய்க்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

வெல்டர் வாய்விட்டுச் சிரித்தான். "அட, ஆபீசையே ஏமாத்திட்டீங்களே. முட்டி வலிக்காரங்கன்னு சொல்லி என்னையும் சேத்து."

அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, என்னைக் கீழ தள்ளுங்க."

"என்னக்கா?"

"பக்கவாட்டுல இருந்து. உருட்டி விடுங்க."

அவன் தயங்கித் தயங்கித் தோளில் கை வைத்து லேசாகத் தள்ளினான். அவள் அசையவில்லை.

"ராத்திரி வர்ற பயலுங்க இப்படி மெதுவாவா தள்ளுவானுங்க? நாலு பேரு சேந்து, செல்போன்ல படம் புடிச்சுக்கிட்டே தள்ளுவானுங்க. நல்லாத் தள்ளுங்க."

அவன் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினான். அக்கா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு கம்பியின் காலில் முட்டி நின்றது. பெஞ்சு கிரீச்சிட்டது. அவள் விழவில்லை.

"இன்னொரு தடவை."

தள்ளினான்.

"சரி, போதும்," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம் என்றிருந்தான். அதற்குள் குறட்டை வந்துவிட்டது.