உச்சிக் கிளைக்கு ஒரு தோட்டா

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் செம்மண் காட்டில், மார்ச் மாத வெயிலில், ஒடெஸா துப்பாக்கியை வானத்துக்கு நீட்டியபடி நிற்கிறாள். வேட்டைக்காரி அல்ல, வேதியியல் ஆராய்ச்சிக்காரி. லாப்லாலி பைன் மரம் எதைத் தின்று வளர்கிறது என்பதை உச்சிக் கிளையின் ஊசியிலைகளைத்தான் கேட்க வேண்டும். அந்த உயரத்துக்கு ஏணி ஏது? சுட்டுத்தான் வீழ்த்துவார்கள். துப்பாக்கியில் இருப்பது கடைசித் தோட்டா. நாளைக் காலை மரத்தை அறுக்க ஆள் வருகிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பின்தொடர்ந்த மரம். குறி தவறினால், கடைசி வார்த்தையைச் சொல்லாமலே அது பலகையாகிவிடும். "டாக்டரம்மா, இதுவரைக்கும் ஆகாயத்துலதான் ஓட்டை போட்டிருக்கீங்க," என்கிறான், அடிமரத்தின் சுற்றளவை அளந்துகொண்டிருக்கும் சக ஆராய்ச்சியாளன் லமார். "உன் வாய்க்கும் சேத்து ஒரு தோட்டா வாங்கியிருக்கணும்யா. சும்மா நில்லு."

வெடிக்கிறது. கிளை முறிந்து, மற்ற கிளைகளில் மோதி மோதி இறங்குகிறது. அதன் பின்னாலேயே மரத்தின் மகரந்தம் மொத்தமும் பொன்புகையாக அவிழ்கிறது. வெயில் அதற்குள் புகுந்து தூண் தூணாக நிற்கிறது. லமாரின் தாடி, துப்பாக்கிக் குழல், அவள் இமைகள், எல்லாம் மஞ்சள். கடைக்காரனாகப் பிறந்திருந்தால் இந்த மரம் என்றைக்கோ போண்டியாகியிருக்கும். அப்படி வாரி இறைக்கிறது. "வெறும் காத்தையும் தண்ணியையும் வச்சுக்கிட்டா இவ்வளவும் பண்ணுச்சு?" லமாரின் குரல் இறங்கிப்போயிருக்கிறது. பதில் அவளுக்குத் தெரியும், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். இப்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கிளை காலடியில் பிசின் மணக்கக் கிடக்கிறது. குனிந்து எடுக்க இருவருக்கும் தோன்றவில்லை.