அம்மா கேட்ட வாக்கியம்

எனக்காக வந்த டாக்சி வாசலில் நின்றபோது, அம்மா நோட்டுப் புத்தகத்தோடு அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம். வலது கை போயிற்று. தமிழும் போயிற்று. தமிழில் எது சொன்னாலும் முழிக்கிறார். இங்கிலீஷ் மட்டும் மிஞ்சியது. அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர்.

அவர் முப்பத்தாறு வருடம் இங்கிலீஷ் வாத்தியார். அம்மா எட்டாவதோடு நின்றவள். கல்யாணமான புதிதில் அவருடைய சக வாத்தியார்கள் முன்னால் ஒரே ஒரு வாக்கியம் இங்கிலீஷில் பேசினாள். அவர் அதை மூன்று இடத்தில் திருத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் இங்கிலீஷில் வாயே திறக்கவில்லை.

இத்தனை நாள் நடுவில் நின்று நான்தான் இருவருக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர். மாத்திரை. ஜன்னலைச் சாத்து. என் லீவு தீர்ந்துவிட்டது. இனி இந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான், ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாமல்.

நேற்று துணி மடித்துக்கொண்டே அம்மா கேட்டாள்: “மலையாட்டம் குவிஞ்சு கெடக்கு, அதுல கொஞ்சம் கொறைஞ்சிருக்குன்னா இங்கிலீஷ்ல எப்படிடி சொல்றது?”

அழுக்குத் துணியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ‘மேட் எ டென்ட்’, ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது என்கிற மாதிரி, என்று சொல்லிக்கொடுத்தேன். முழுசாகத் தீர்ந்துபோனதற்கு இதைச் சொல்லக் கூடாது, இன்னும் நிறைய மிச்சம் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

நிறைய இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள்.

இப்போது அந்த நோட்டைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள்.

“யுவர் சிக்னஸ் மேட் எ டென்ட் இன் மை ஆங்கர்.”

உங்கள் நோய் என் கோபத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா திருத்திவிடுவாரோ என்றுதான் முதலில் பயந்தேன். திருத்த அதில் ஒன்றுமில்லை.

“ஹவ் மச்?” என்றார். எவ்வளவு?

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் அரிசி போகிற இடம் விட்டுக் காட்டினாள்.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை நீட்டி, அம்மாவின் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

அந்த இடைவெளியை அவர் அகலப்படுத்தப் பார்க்கவில்லை.