பல்லிக்கு இடமில்லாத மாளிகை

ஊரையே நடுங்க வைத்த கொடுங்கோலன் ஒருவன் செத்துத் தொலைந்தபின், அவன் மாளிகைக்குள் முட்டையிட இடம் தேடி ஒரு பல்லி வந்தது. இத்தனை பெரிய வீட்டில் ஒரு சந்துகூடவா கிடைக்காது என்று நினைத்துத்தான் வந்தது.

வந்து பார்த்தால், சுவரில் இருந்த படங்களெல்லாம் இடுக்கே இல்லாமல் ஒட்ட அறையப்பட்டிருந்தன. கட்டிலுக்கடியில் ஆள் புகாதபடி செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். திரைச்சீலையோ முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது.

"ஏன் அக்கா, துணி போதவில்லையா?" என்று பல்லி கேட்டது.

"பின்னால் எவனாவது ஒளிந்தால் கால் தெரிய வேண்டாமா? எசமான்தான் வெட்டச் சொன்னார்," என்றது திரைச்சீலை.

மூலைக்கு மூலை நிலைக்கண்ணாடி வேறு. முதுகுக்குப் பின்னால் வருகிறவர்களைப் பார்க்கவாம்.

'அட பாவமே, இந்த மனுஷன் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பானா?' என்று நினைத்த பல்லி தன்னை மறந்து உச்சுக் கொட்டியது.

"யாருக்குச் சேதி சொல்கிறாய்?" என்று ஒரு கண்ணாடி அதட்டியது. "உன்னை அனுப்பியது யார்?"

"ஐயோ, நான் முட்டையிட வந்தவள்!"

"வருகிறவர்கள் எல்லாரும் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டுதான் வருவார்கள்," என்ற திரைச்சீலை, படாரென்று வீசி அடித்தது.

பல்லி விழுந்தடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ஓடியது. பயத்தில் அறுந்த வால் உள்ளே தரையில் கிடந்து துடித்தது.

வெளிச்சுவரில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பல்லியின் காதில் கண்ணாடியின் குரல் விழுந்தது: "பார்த்தாயா, வேவு பார்க்க ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள்."