இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை

"இவள்லாம் ஒரு தாயா!"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மரிய புஷ்பம் பொருமினாள்.

பக்கத்து வீட்டு வாசலில் ஆறு வயது சவரிமுத்து மண்ணில் விழுந்து கிடந்தான். காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போன பிள்ளை. பெற்றவள் பாத்திமா மேரியோ நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"எழுந்திரு சவரி. கம்பப் புடிச்சிக்கிட்டு நீயே எழுந்திரு."

வாசல் முழுக்க அவள் பண்ணி வைத்திருந்த கூத்து வேறு. இரண்டு முந்திரி மரத்துக்கு நடுவே, பிடித்துக்கொண்டு நடக்க ஒரு மூங்கில். தாண்டிப் பழக, தரையில் ஓர் உலக்கை. எறிந்து பிடிக்க, புளியங்கொட்டை அடைத்த துணிப்பை. எல்லாம் திருச்சி ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லிக் கொடுத்ததாம்.

மரிய புஷ்பம் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பையனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"புள்ளயா இது, உழவு மாடா? ஈவு இரக்கமே இல்லியாடி ஒனக்கு?"

"எறக்கி விடுங்கக்கா. இன்னும் நாலு நடைதான் பாக்கி."

"ஒம் புருஷன் பர்மா சண்டையிலேருந்து வரட்டும். நானே சொல்றேன்."

மரிய புஷ்பம் கைம்பெண். பிள்ளை குட்டி கிடையாது. சவரிமுத்துவை இடுப்பில் சுமந்துகொண்டு அவள் ஞாயிறு பூசைக்குப் போனால் வரதராஜன்பேட்டையே உச்சுக்கொட்டும். 'பெத்தவளுக்கு இல்லாத பாசம் பாரு' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குப் பூசை அவளுக்கு இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

பாத்திமா இப்படிப் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்து அமிர்தசாமி வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தூக்கிக்கிட்டு வர்ற புள்ளைய என்னால பாத்துக்க முடியாதும்மா. வாசல்லேருந்து கெணறு வரைக்கும் தானா நடந்து காட்டட்டும். மறுநாளே சேத்துக்கறேன்."

திங்கட்கிழமை காலையில் வாத்தியாரே நேரில் வந்தார். வேடிக்கை பார்க்க மரிய புஷ்பமும் வந்து கிணற்றடியில் நின்றுகொண்டாள்.

பையன் மூங்கிலை விட்டான். ஓரடி வைத்தான். ஈரடி.

ஐந்தாவது அடியில் நிமிர்ந்து பார்த்தான். எதிரே மரிய புஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ, என் ராசா!" மரிய புஷ்பம் பாய்ந்து வந்து தூக்கிக்கொண்டாள்.

"நேத்து ரெண்டு தரம் கெணறு வரைக்கும் போயிட்டு வந்தான் சார். மாதா மேல சத்தியமா சார்!" பாத்திமா வாத்தியாரின் வழியை மறித்தாள்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா." வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நடக்கற கால்னா ஆண்டவரே நடக்க வச்சிருக்க மாட்டாரா? இனிமேலாச்சும் புள்ளைய வதைக்காத." பையனைக் கிணற்றடியில் இறக்கி விட்டுவிட்டு மரிய புஷ்பம் தன் வீட்டுக்கு நடந்தாள். மனசுக்குள் ஜெயித்துவிட்ட நிம்மதி.

ஆனாலும் ஒரு சந்தேகம். ஆத்திரத்தில் பாத்திமா பிள்ளையை அடித்துவிட்டால்? அடித்தால் தெருவையே கூட்டிவிடுவது என்று வேலி இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அடி விழவில்லை. பாத்திமாதான் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள்.

கிணற்றடியிலிருந்து சவரிமுத்து எழுந்தான். மூங்கிலைத் தொடவில்லை. விந்தி விந்தி, உலக்கையைத் தாண்டி, விழாமல் நடந்து வந்து அம்மாவின் கண்ணைத் துடைத்தான்.

மரிய புஷ்பம் வேலியோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். பாத்திமா மகனின் தோளைப் பிடித்தாள்.

"இப்ப நடக்கிறியேடா பாவி! வாத்தியார் முன்னாடி மட்டும் ஏண்டா விழுந்த?"

"பெரியம்மா பாத்துக்கிட்டு நின்னுச்சேம்மா."

"அதனால என்னடா?"

"நான் நடந்துட்டா அது யாரத்தாம்மா தூக்கும்? அதுக்குன்னு யாருமே இல்ல. பாவம்மா பெரியம்மா!"