தம்பிக்குப் பதில் தங்கச்சி

பண்டிகைக்கு இன்னும் ஒன்பது நாள். தபால் நிலையத்தின் பின்னறையில், ஜன்னல் வெயிலில், பிள்ளைகள் பரிசுத் தாத்தாவுக்கு எழுதிய கடிதங்கள் மேசை கொள்ளாமல் கிடக்கின்றன. தாத்தா பெயரில் பதில் எழுதும் வேலை தபால் பிரிக்கும் அக்காவுக்கு. அவள் முன்னால், செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்த ஆறு வயதுக்காரி மூச்சு வாங்க நிற்கிறாள். பின்னாலேயே வந்த அப்பா வாசற்படியில் அசடு வழிகிறார். "தம்பி வேணும்னு எழுதிப் போட்டுட்டேன். காலையில தங்கச்சி பொறந்துட்டா. தாத்தா படிச்சா, அவளை எடுத்துட்டுப் போய்த் தம்பியைக் குடுத்துருவாரு." சொல்லும்போதே சிறுமியின் கண் நிறைந்து நிற்கிறது. "போட்ட லெட்டரைத் திருப்பித் தரக்கூடாது கண்ணு. இங்கயே திருத்திக் குடு, சரியா?" என்கிறாள் அக்கா. பட்டுவாடாவுக்குக் கிளம்பிய தபால்காரரும் பையை இறக்கிவிட்டுத் தேட உட்காருகிறார். உறைகளில் ஒட்டிய ஜிகினா அவர் மீசையில் மின்னுகிறது. "பச்சைக் கவர், மேல பூனை" என்று சிறுமி அடையாளம் சொல்ல, அது அக்கா கையில் சிக்குகிறது. சிறுமி தரையில் குப்புறப் படுத்து, நாக்கைத் துருத்தியபடி 'தம்பி'யை அடித்துவிட்டு எழுதுகிறாள்: 'தங்கச்சி வந்துட்டா. இவளையே வச்சுக்கறோம். தம்பியை வேற யார் வீட்டுக்காவது குடுங்க.' அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதன்மேல் முத்திரையை ஓங்கிக் குத்துகிறாள். சிறுமி மை காய்வதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிறாள். "எதுக்கும் இன்னொண்ணு குத்துங்க."