இரட்டைக்கிளவிக்கு ஓர் எடுத்துக்காட்டு

திக்கிப் பேசும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் அளிக்கும் சலுகை, கழுத்தில் அணியும் குரற்பட்டை. பேச்சில் திரும்ப வருவதை அது நீக்கிவிட்டு, எஞ்சியதைத் தெளிவாக ஒலிக்கும். அணிந்தவரின் சொந்தக் குரல் வெளியே கேட்காது. வாய்மொழித் தேர்வு முடியும்வரை அதைக் கழற்றவும் கூடாது.

முதுகலைத் தமிழ் மாணவி அமலி அதை அணிந்துகொண்டு பேராசிரியர் கோமதிநாயகத்தின் எதிரில் அமர்ந்தாள். இம்முறையும் தவறினால் பட்டம் இல்லை.

"சுலபமாவே கேக்கிறேம்மா. இரட்டைக்கிளவிக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லு."

அமலிக்கு விடை தெரியும். 'சலசல' என்றாள்.

"சல" என்றது பட்டை.

"பாதியில நிறுத்திட்டியே. பிரிச்சா பொருள் தராதுங்கிறதுதானே இலக்கணம்? வேற சொல்லு."

'குடுகுடு' என்றாள்.

"குடு."

"எதைக் குடுக்க? மார்க்கையா?" அவர் கெட்டவரல்லர், அவளுடைய பதற்றத்தைத் தணிக்கவே சிரித்தார்.

அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

"எழுதக் கூடாதும்மா, வாய்மொழித் தேர்வாச்சே" என்று அதை மெல்ல வாங்கிக்கொண்டு, மதிப்பெண் தாளின்மேல் குனிந்தார். "உனக்குக் கூடுதல் நேரம் உண்டு. வேணுமா?"

அச்சத்தில் சொல் அடுக்கி வரும் என்பதும் இலக்கணமே. அமலி பட்டையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, 'கழற்றுங்கள், கழற்றுங்கள்! இது வேண்டாம், வேண்டாம், வேண்டாம்!' என்று அலறினாள்.

"கழற்றுங்கள். இது வேண்டாம்" என்றது பட்டை, நிதானமாக.

"கழட்டிடலாம்மா, தேர்வுதான் முடிஞ்சுதே." அவர் கையெழுத்திட்டு நிமிர்ந்தார். "எவ்வளவு தெளிவாப் பேசுறே! கொஞ்சம் படிச்சிருந்தா தேறியிருப்பே."