சீமை நெல்லிக்காய் கேக்

வேலை போகிற மனுஷி இப்படிச் சிரித்த முகமாக இருப்பாள் என்று ரூலோஃப் எதிர்பார்க்கவில்லை. கேண்டீன் மேஜையில் கேக் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, வில்மா தட்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். காலையில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போய் வந்தவள்தான்.

ரூர்மோண்ட் ஊரில் இருந்த அந்த ரஸ்க் தொழிற்சாலையின் நிர்வாகப் பொறுப்பெல்லாம் ரூலோஃபுடையது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து எல்லோர் தலையிலும் கட்டினார். எதைச் செய்தாலும் நோட்டம் விடுகிறது என்பதால் ஆட்கள் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எந்த அடுப்பு எப்போது எரிய வேண்டும், யாருக்கு எந்த ஷிஃப்ட், எவ்வளவு மாவு வாங்குவது, எல்லாம் மாமியார் முடிவு. முடிவு ரூலோஃபின் போனுக்கு வரும். அவர் ‘சரி’ என்று அழுத்துவார், காரியம் நடக்கும்.

ஆபீஸில் இன்று ஒரு பதவி போகும் என்று ஒரு வாரமாகவே பேச்சு. வில்மாவுடையதுதான் என்பதில் ரூலோஃபுக்குச் சந்தேகமே இல்லை. ஷிஃப்ட் போடுவதுதான் அவள் வேலை. அதை மாமியார் எடுத்துக்கொண்ட பிறகு அவளுக்கு இங்கே என்ன வேலை?

பிறந்தநாளோ வழியனுப்போ, அது யாருடையதோ அந்த ஆளேதான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கித் தர வேண்டும். அதுதான் அங்கே முறை. வேலை போகிற துக்கத்தில் ஜனங்கள் கேக்கை மறந்துவிடுகிறார்கள் என்று ரூலோஃப் அந்தப் பொறுப்பையும் மாமியாரிடமே விட்டிருந்தார். போகிறவருக்குப் பிடித்த கேக்கை அதுவே வரவழைத்து, கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். இதைத் தன் பெரிய மனசு என்று வேறு அவர் சொல்லிக்கொள்வார்.

நாளைக்கு ஐந்தோவன் நகரத்தில் கம்பெனித் தலைவர்களின் கூட்டம். புதுத் தொழில்நுட்பத்தை எப்படிக் கொண்டுவருவது என்று ரூலோஃப் அவர்களுக்குப் புத்தி சொல்லப் போகிறார். அதற்கு இப்போதே கேண்டீனில் ஒத்திகை ஆரம்பித்துவிட்டார்.

“மாறணும்னா பயப்படக் கூடாது. எங்க ஒரு ஆள் சும்மா நின்னு தலையாட்டறானோ, அங்கதான் கத்தி வைக்கணும். இரக்கமே கூடாது!”

“அது உங்களுக்குச் சொல்லியா தரணும்?” என்றான் அடுப்படி ஹூப். யாரோ இருமலை அடக்கினார்கள்.

ரூலோஃபின் போன் அதிர்ந்தது. பேச்சை நிறுத்தாமல், திரையைப் பார்க்காமல், கட்டைவிரலால் ‘சரி’யை அழுத்தினார்.

“என்னன்னு பாக்கவே இல்லையே?” என்றாள் வில்மா.

“மாவா இருக்கும், இல்ல ஈஸ்ட்டா இருக்கும். உக்காந்து படிச்சிட்டிருந்தா வேகம் எங்கேர்ந்து வரும்? இந்த ஆறு மாசத்துல நான் ஒரு தடவகூட ‘வேண்டாம்’னு அழுத்தினதில்ல. இதுக்குப் பேருதான் நம்பிக்கை. எழுதி வச்சுக்குங்க.”

அப்போதுதான் கேக்கைப் பார்த்தார். சீமை நெல்லிக்காய் கேக்! பல் கூசும் புளிப்பு. அந்தத் தொழிற்சாலையிலேயே அதைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் இப்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்கள்.

போகிற நேரத்திலும் எனக்கு ஐஸ் வைக்கிறாளே என்று ரூலோஃபுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவள் மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

“மாமியார் காரணம் ஏதாவது சொல்லிச்சா வில்மா?” என்று குரலில் தேன் தடவிக் கேட்டார்.

“ஆபீஸ்ல எல்லார் போனுக்கும் காலையிலயே வந்துச்சே! நீங்க பாக்கலையா?”

“நான் எங்க அதெல்லாம் பாக்கறது? நீங்களே சொல்லுங்க.”

வில்மா தன் போனைப் பார்த்து நிதானமாகப் படித்தாள். “‘இந்தப் பதவியில் இருப்பவர் இதுவரை எந்த முடிவையும் மாற்றியதில்லை. இப்படி ஒருவர் நடுவில் தேவையில்லை.’ அவ்வளவுதான்.”

“பிரமாதம்!” ரூலோஃப் தொடையில் தட்டிக்கொண்டார். “சுருக்குன்னு சொல்லியிருக்கு பாருங்க. நாளைக்கு என் பேச்சே இதுலதான் ஆரம்பம். முதலாளிங்க என்ன சொன்னாங்களாம்?”

“‘ரூலோஃபே சரின்னுட்டாரு, அப்புறம் எங்களுக்கென்ன’ன்னாங்களாம்.”

அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் வந்தது. ஹூப் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து, பாவம், அழுகிறான் போலிருக்கிறது என்று ரூலோஃப் நினைத்தார்.

“மனசத் தளர விடாதீங்க வில்மா. ஒரு கதவு மூடினா, மாமியார் இன்னொரு கதவு திறக்கும்.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. “சரி, வெட்டுங்க, வெட்டுங்க. வாங்கினவங்க கையாலதான் வெட்டணும்.”

வில்மா கத்தியை எடுத்தாள். பிடி அவர் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டினாள்.

“உங்க கேக்தான் ரூலோஃப்.”